சொந்த ஊருக்கே குடிவருகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெங்களூரில் 14 வருடம் இருந்துவிட்டு சங்கரன்கோவிலுக்கே குடும்பத்தோடு திரும்பி வந்தவன் நான். வந்த பிறகு, என்னைப் போலவே மும்பையிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் வந்து சேர்ந்த பல குடும்பங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். சிலர் நன்றாக ஊன்றிவிட்டார்கள். சிலர் இரண்டு வருடத்துக்குள் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு மறுபடி ரயில் ஏறிவிட்டார்கள். அப்படிப் போனவர்களுக்கு ஊர்ப்பாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்குத்தான் அது கூடுதலாகவே இருந்தது. பாசத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்கள்; கேட்க வேண்டிய கேள்விகளை வந்த பிறகு கேட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு, அதிலும் சென்னை, கோவை மாதிரி பெரிய நகரங்களுக்குப் போகாமல் தன் சொந்த ஊருக்கே திரும்ப நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரின் பெயர் மாறலாம், தவறுகள் பெரும்பாலும் இவைதான்.

திருவிழாவுக்கு வந்துவிட்டு முடிவெடுப்பது

எங்கள் ஊரில் இது ஆடித்தபசு. உங்கள் ஊரில் பங்குனி உத்திரமாகவோ பொங்கலாகவோ இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை வருகிறோம். வீடு நிறைய ஆட்கள். பழைய நண்பர்கள் எல்லாரும் அதே நாளில் வந்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் விடிய விடியப் பேச்சு. ‘பேசாம இங்கேயே வந்துடலாம்டா’ என்று யாரோ ஒருவர் சொல்கிறார். அந்த வார்த்தை நெஞ்சில் விழுந்து முளைத்துவிடுகிறது.

ஆனால் அந்த மாடியில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்றாம் நாள் கிளம்பிவிடுவார்கள். நாம் குடிவரப்போவது அவர்கள் போன பிறகு இருக்கும் ஊருக்கு. அதனால் விசேஷம் எதுவும் இல்லாத நாட்களில் இரண்டு வாரம் வந்து தங்கிப் பாருங்கள். சித்திரை வெயிலில் ஒரு வாரம், ஐப்பசி மழையில் ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது. முடிந்தால் அம்மா வீட்டில் தங்காமல், குடியிருக்கப்போகும் தெருவிலேயே தங்குங்கள். குடிநீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் எப்போது திரும்ப வருகிறது, அன்றைக்கு உங்கள் ஆபீஸ் மீட்டிங்கை எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள், ராத்திரி 2 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தை ஒரு முறை இரவில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது பயந்தவர் செய்யும் வேலை அல்ல. பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளத்தானே வருகிறோம்.

‘நம்ம ஊர்’ என்று சொல்லும்போது மனைவியைக் கேட்காமல் இருப்பது

நான் பார்த்ததிலேயே பெரிய தவறு இதுதான். ஆண்கள் ‘சொந்த ஊருக்குப் போகிறோம்’ என்கிறோம். மனைவிக்கு அது சொந்த ஊர் கிடையாது. அவருக்கு அது மாமியார் ஊர். என் மனைவி திண்டுக்கல்காரர். பெங்களூரில் அவருக்கு என்று ஒரு வேலை, ஒரு சம்பளம், சாயங்காலம் நடக்கப் போகத் தோழிகள் என்று எல்லாம் இருந்தன. எனக்கு ஊர் திரும்பக் கிடைத்த அதே நாளில் அவருக்கு அவை எல்லாம் கைவிட்டுப் போயின. நான் தெருவில் இறங்கினால் பத்துப் பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவரை எல்லாரும் இன்னார் மருமகள் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய பெயரே அந்தத் தெருவில் பலருக்குத் தெரியாது. இது எனக்கு உறைக்க எட்டு மாதம் ஆனது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

வருவதற்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டியவை: தனி வீடா, கூட்டுக்குடும்பமா? அவருடைய வேலை தொடருமா, எந்த அறையில், எந்த நேரத்தில்? சமையலறை யாருடையது? அவர் பிறந்த வீட்டுக்கு மாதம் ஒரு முறை போய்வர முடியுமா? இதில் எதையும் ‘போய்ப் பாத்துக்கலாம்’ என்று தள்ளிவைக்காதீர்கள். தனி வீடு எடுத்தால் அம்மா வருத்தப்படுவார் என்று பயந்து அம்மா வீட்டிலேயே போய் இறங்கி, ஒரு வருடத்தில் இரண்டு பேர் மனமும் புண்பட்டு நின்ற வீடுகள் எனக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு எடுத்துவிட்டு, தினமும் சாயங்காலம் அம்மாவைப் போய்ப் பார்க்கிற வீடுகளில் பாசம் நன்றாகவே இருக்கிறது.

பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அவர்களுடைய ஊர் அவர்கள் வளர்ந்த ஊர். அவர்கள் அழுதால் ‘நம்ம ஊரப் போயி இப்படிச் சொல்றியே’ என்று கோபப்படாதீர்கள். இருபது வருடத்துக்கு முன்பு ஊரை விட்டுப் போன ராத்திரி நாம் அழுத அழுகைதான் அது.

தாத்தா நிலம் இருக்கிறது என்ற நம்பிக்கை

‘அங்க நிலம் இருக்கு, ஒரு வீடு கட்டிக்கலாம்’ என்று நம்பி வருகிறவர்கள் நிறையப் பேர். நிலம் இருக்கும். யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பத்திரம் அப்பா பெயரில், பட்டா இன்னும் தாத்தா பெயரில், அல்லது நான்கு பெரியப்பா, சித்தப்பாக்களோடு கூட்டுப் பட்டாவாக இருப்பது மிக சாதாரணம். பத்திரம் பதிந்தாலே பட்டா மாறிவிட்டது என்று அந்தக் காலத்தில் பலர் விட்டுவிட்டார்கள். வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்பே இதைப் பாருங்கள். பட்டா, சிட்டா, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடம் எல்லாவற்றையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். வில்லங்கச் சான்றிதழ் பதிவுத் துறையின் தளத்தில் கிடைக்கும். மிகப் பழைய வருடங்களுக்கு மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். தாத்தாவோ அப்பாவோ இறந்துவிட்டார் என்றால் வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் தருவது. அதற்கும் கொஞ்ச காலம் பிடிக்கும்.

அப்புறம் அக்கா தங்கைகள். ஊரில் இருக்கிற மகனுக்குத்தான் வீடு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. அன்றைக்குத் திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்கு அது பொருந்தியது. 2005-ல் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது திருமணமான மகள்களும் அதில் வந்துவிட்டார்கள். தந்தை அந்தத் திருத்தத்துக்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போய்விடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே, பூர்வீக வீட்டை இடித்துக் கட்டுவதற்கு முன்பு அக்காவிடம் உட்கார்ந்து பேசுங்கள். பங்கைக் கொடுங்கள், அல்லது அவர் மனசார விட்டுத்தருகிறார் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். ‘அக்கா ஒண்ணும் கேக்க மாட்டா’ என்று நம்பி கிரகப்பிரவேசம் முடித்து, அக்கா வராத பொங்கலைக் கொண்டாடுகிற வீடு ஒன்றை நான் அறிவேன்.

புதிதாக மனை வாங்குகிறவர்கள் ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்ற வார்த்தையை நம்பாதீர்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல், அதாவது டி.டி.சி.பி. எண், இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 அக்டோபர் 20 முதல் தடை இருக்கிறது. அதற்கு முன்பு விற்ற மனைகளை முறைப்படுத்தத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. பழைய மனை என்றால் வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

பிள்ளைகள் படிப்பில் தாமதமாக யோசிப்பது

ஒன்பதாம் வகுப்பு பாதியில் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் பெரிய கொடுமை. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருடத்துக்கு ஒரு வகுப்பாக அது மேலே வந்து பத்தாம் வகுப்பையும் எட்டிவிட்டது. கன்னடமோ இந்தியோ படித்துவிட்டு வரும் பிள்ளை பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வு எழுத வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வந்ததைச் சொல்லி விலக்குக் கேட்க வழி உண்டு. ஆனால் அது தானாக வந்துவிடாது. சேரும்போதே பள்ளியில் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசுகிறோம், போதும் என்று இருந்துவிடாதீர்கள். பேசுவது வேறு, செய்யுளைப் படித்து எழுதுவது வேறு. ஊருக்கு வருவது என்று நினைத்த அன்றே பிள்ளைக்கு எழுத்தைத் தொடங்கிவிடுங்கள். இது தேர்வுக்காக மட்டும் சொல்வதில்லை. பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்க முடியாத பிள்ளை அந்த ஊரில் எப்போதும் விருந்தாளியாகவே இருக்கும்.

எந்த வகுப்பில் வருகிறோம் என்பது கல்லூரிச் சேர்க்கையிலும் வந்து நிற்கும். 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் பொறியியல் கலந்தாய்வில் இந்த மாநிலத்தவர் என்பதற்கான நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பதில்லை. இடையில் ஒரு வருடம் வெளியில் படித்திருந்தாலும் அது தேவைப்படும். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, பொதுவாக 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பிள்ளையின் சாதிச் சான்றிதழும் இங்கே வாங்கியதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் அது வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று போகும். ரிசல்ட் வந்த வாரத்தில் ஊரே அங்கே நிற்கும். நீங்கள் ஒரு வருடம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மாவட்டமே மாறியிருக்கலாம். சங்கரன்கோவில் 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டம். என் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். அதே வருடம் பிரிந்த கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, அடுத்த வருடம் வந்த மயிலாடுதுறை எல்லா இடத்துக்காரர்களுக்கும் இது பொருந்தும். பழைய சான்றிதழ் தவறாகிவிடாது. போக வேண்டிய கலெக்டர் அலுவலகம்தான் வேறு.

வண்டி, வாக்கு, கார்டு

வேறு மாநிலத்து வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்காமல் ஊருக்கு வந்துவிட்டால், அதற்காகவே மறுபடி ஒரு பயணம் போக வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. இங்கே வரி கட்டி டிஎன் எண் வாங்கிய பிறகு, அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை.

வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றப் படிவம் 8. அப்பாவின் குடும்ப அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறதா, எப்போதோ நீக்கிவிட்டார்களா என்று பாருங்கள்.

ஊருக்கு நாம் கடன்பட்டிருப்பதை மறப்பது

நாம் வெளியில் இருந்த வருடங்களில் நம் வீட்டு விசேஷத்துக்கு மொய் செய்தவர்களின் பெயர் எல்லாம் அம்மாவின் நோட்டில் இருக்கும். அந்த நோட்டை முதல் மாதமே வாங்கிப் படியுங்கள். ஊரில் செலவு குறைவு என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. வாடகை குறையும், உண்மைதான். வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாணப் பத்திரிகைகள் வரிசையாக வரும். கோயில் வரி வரும். இதையெல்லாம் தண்டம் என்று நினைப்பவருக்கு ஊர் ஒட்டாது. துக்க வீட்டுக்கு நேரத்துக்குப் போய் நிற்பது இன்னும் முக்கியம். எத்தனை வருடப் பிரிவையும் அது சரிசெய்துவிடும்.

வந்தவுடனே ஊரைத் திருத்தக் கிளம்புவது இதற்கு நேர் எதிரான தவறு. ‘பெங்களூர்ல எல்லாம் இப்படிக் கிடையாது’ என்று நான் முதல் வருடம் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. கண்மாயைப் பற்றி, குப்பையைப் பற்றி நான் சொன்னது எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் நான் இல்லாத காலத்தில் அதே கண்மாய்க்காக மனு எழுதி அலைந்தவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். முதல் வருடம் கமிட்டியில் சேராமல், கூட நின்று வேலை மட்டும் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. ஊர்ப்பெருமை என்ற பெயரில் சாதிப்பெருமை உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தென் மாவட்டங்களில் ‘எந்தத் தெரு?’ என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பது எல்லாருக்கும் தெரியும். வெளியூரில் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று கேட்காமலே பண்டிகைப் பலகாரம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை மாநில எல்லையில் இறக்கி வைத்துவிட்டு வந்தவர்களைப் பார்க்கும்போது வலிக்கிறது. என் மகள் பள்ளியில் சேர்ந்த இரண்டாம் வாரம், இன்னொரு பிள்ளை அவளிடம் ‘எந்தத் தெரு?’ என்று கேட்டுவிட்டது. பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்று சொல், அப்படியே ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையை நம் வீட்டுக்கு விளையாடக் கூப்பிடு என்றேன். கூப்பிட்டாள். இப்போது இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் டியூஷன் போகிறார்கள்.