மூன்று விழுந்தால் சிரியுங்கள்: குறி சொல்லும் விஸார்டைக் கட்டுவது எப்படி

டர்பனில் துனீ சீட்டாட்டம் ஆடிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த விஸார்டைப் புரியவைப்பது சுலபம். கையில் 30 புள்ளி ஜாக் இருக்கிறது. அதை எப்போது இறக்குவது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் டிவினேஷன் விஸார்டும், அதாவது குறி சொல்லும் மந்திரவாதியும், அதே ரகம். இங்கே சொல்வதெல்லாம் 2014 விதிகளின்படி. 2024 விதிகளில் ஆடுபவர்களுக்குச் சிறப்புப் பள்ளி (டிவினேஷன் மாதிரி மந்திரப் பிரிவு) மூன்றாம் லெவலில்தான் வரும்.

2014 விதிகளில் இரண்டாம் லெவலிலேயே போர்ட்டன்ட் என்னும் முன்குறித் திறன் கிடைக்கிறது. நீண்ட ஓய்வு (கதாபாத்திரத்தின் இரவுத் தூக்கம்) முடிந்ததும் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நீங்களோ உங்கள் கண்ணுக்குத் தெரியும் யாரோ தாக்குதலுக்கு, சேவுக்கு (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது), திறன் சோதனைக்கு உருட்டப் போகும்போது, அந்த உருட்டலுக்குப் பதிலாக இந்த எண்களில் ஒன்றை வைக்கலாம். கூட்ட வேண்டியதை வழக்கம்போல் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு டர்னுக்கு ஒரு முறைதான். பகடை உருளும் முன்பே சொல்லிவிட வேண்டும்; புதிதாக ஆடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். எதிரி உருட்டித் தப்பிய பிறகு "என்னிடம் மூன்று இருக்கிறதே" என்றால் ஆட்டத்தை நடத்தும் டிஎம் கேட்க மாட்டார்.

காலையில் 18 விழுந்தால் மேசையே கைதட்டும். ஆனால் இந்தக் கதாபாத்திரத்துக்குச் சொத்து 3, 4 மாதிரி தாழ்ந்த எண்கள்தான். 18 ஒரு அடியைப் படவைக்கும், அவ்வளவே. 3 எதிரியின் சேவைக் கெடுத்து, சண்டையையே முடித்துவிடும். ஆகவே முழுக் கதாபாத்திரத்தையும் எதிரியைச் சேவ் போடவைக்கும் மந்திரங்களைச் சுற்றியே கட்டுங்கள்.

27 புள்ளியில் பண்புகள் வாங்குவதாக இருந்தால்: இன்டெலிஜென்ஸ் (அறிவு) 15, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14, விஸ்டம் (விவேகம்) 12, மற்ற இரண்டும் 8. கணக்கு சரியாக 27-இல் முடியும். இனமாக வேரியன்ட் ஹ்யூமன் எடுத்து, இன்டெலிஜென்ஸுக்கும் கான்ஸ்டிடியூஷனுக்கும் ஒவ்வொன்று கூட்டி, ஃபீட்டாக (கூடுதல் திறனாக) ரெசிலியன்ட் எடுத்துக் கான்ஸ்டிடியூஷனுக்குக் கொடுங்கள்; அது அங்கே இன்னொன்று கூட்டும். இன்டெலிஜென்ஸ் 16, கான்ஸ்டிடியூஷன் 16 ஆகிவிடும். முதல் லெவலில் உயிர்ப்புள்ளி 9. கான்ஸ்டிடியூஷன் சேவ் +5. அடி வாங்கியதும் கான்சன்ட்ரேஷனை (போட்ட மந்திரத்தை அறாமல் பிடித்திருக்கும் கவனத்தை) காப்பாற்ற 10 தேவைப்படும்போது 100-க்கு 80 முறை தப்பிக்கலாம். இதை விட்டுவிட்டு லக்கி ஃபீட் எடுப்பவர்கள் உண்டு. எடுக்கலாம், ஆனால் அடி வாங்கியதும் மந்திரம் அறுந்துபோகிறதே என்று பிறகு முணுமுணுக்கக் கூடாது.

மந்திர ஏட்டில் தொடக்கத்தில் ஆறு முதல் நிலை மந்திரங்கள் (லெவல் என்பது ஆளுக்கு, நிலை என்பது மந்திரத்துக்கு): மேஜ் ஆர்மர், ஷீல்ட், ஃபைண்ட் ஃபெமிலியர், டிடெக்ட் மேஜிக், ஹிடியஸ் லாஃப்டர், ஸ்லீப். ஸ்லீப்புக்குச் சேவே கிடையாது, அதனால் போர்ட்டன்ட் அதற்கு உதவாது. ஆனாலும் முதல் இரண்டு லெவலில் உயிர் காக்கும் என்பதால் வைத்துக்கொள்ளலாம். ஃபயர்பால் வேறு கதை. ஆறு பேர் மேல் விழும் மந்திரத்தில் உங்கள் தாழ்ந்த எண் ஒருவனை மட்டுமே பிடிக்கும், அதுவும் அவனுக்கு அடியை இரட்டிப்பாக்க மட்டும். விலையுயர்ந்த எண்ணை அங்கே கொட்டாதீர்கள்.

தாழ்ந்த எண்ணுக்குப் பொருத்தம், ஒரே ஆள், ஒரே சேவ், பிறகு தப்பிக்க மறுவாய்ப்பே இல்லாத மந்திரம். ஏழாம் லெவலில் வரும் பானிஷ்மென்ட் அப்படிப்பட்டது. கான்சன்ட்ரேஷன் அறுந்துபோகாதவரை ஒரு நிமிடம் அந்த ஆளே களத்தில் இருக்க மாட்டான். மூன்றாம் லெவலில் வரும் ஹோல்ட் பர்சனும் நல்லதுதான், ஆனால் தன் ஒவ்வொரு டர்னின் முடிவிலும் எதிரி மறுபடி சேவ் போடுவான். அதற்குள் ஐந்தடி தூரத்தில் நின்று உங்கள் ஆட்கள் அடிக்கட்டும். படுகிற அடியெல்லாம் கிரிட்டிக்கல், அதாவது சேதப் பகடை இரட்டிப்பு.

நடுத்தர எண்களை என்ன செய்வது? இன்டெலிஜென்ஸை ஏற்றுங்கள். இரண்டாம் லெவலில் உங்கள் சேவ் டிசி (எதிரி தப்ப எட்ட வேண்டிய எண்) 8+2+3, அதாவது 13. 4, 8 ஆகிய லெவல்களில் கிடைக்கும் உயர்வுகளை இன்டெலிஜென்ஸிலேயே போட்டால் எட்டாம் லெவலில் 8+3+5, அதாவது 16. சேவுக்கு +2 உள்ள எதிரி முன்பு 10 வரை விழுந்தால்தான் தோற்பான். இப்போது 13 வந்தாலும் தோற்பான். வீண் என்று நினைத்த 12 ஆயுதமாகிவிட்டது.

ஆறாம் லெவலில் எக்ஸ்பர்ட் டிவினேஷன். இரண்டாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட குறி மந்திரத்தை ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை என்று அளந்து கிடைக்கும் மந்திர வாய்ப்பு) செலவழித்துப் போட்டால், அதைவிடக் கீழ் நிலையில் செலவான ஒரு ஸ்லாட் திரும்பி வரும். ஐந்தாம் நிலைக்கு மேல் வராது. டிடெக்ட் தாட்ஸ் போட்டால் முதல் நிலை ஸ்லாட் ஒன்று. ஏழாம் லெவலில் நான்காம் நிலை மந்திரமான ஆர்க்கேன் ஐ போட்டால் மூன்றாம் நிலை ஸ்லாட். ஆனால் கீழ் ஸ்லாட்டுகள் எல்லாம் நிறைந்திருக்கும் காலையில் போட்டால் ஒன்றும் திரும்பாது. ரிச்சுவலாக, அதாவது நேரமெடுத்துச் சடங்காகப் போட்டாலும் திரும்பாது, ஸ்லாட்டே செலவாகவில்லையே. ஏட்டில் குறி மந்திரங்களை எழுதப் பாதிச் செலவுதான்: மூன்றாம் நிலை மந்திரம் ஒன்றுக்கு 150 பொற்காசும் 6 மணி நேரமும் போய் 75-உம் 3-உம் ஆகும்.

பெரிய டிராகன் போன்ற லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் உள்ள எதிரியிடம் முதல் சுற்றிலேயே 2-ஐ இறக்காதீர்கள். தோற்ற சேவை வென்றதாக மாற்றிக்கொள்வான். மற்ற மந்திரங்களால் அந்தச் சலுகைகளைத் தீர்க்கவிட்டுப் பிறகு இறக்குங்கள்.

மேசையில் இரண்டு பகடைகளையும் விழுந்த எண் மேலே இருக்கும்படி வைத்துவிடுங்கள். லோட் ஷெட்டிங் மின்வெட்டில் விளக்குப் போனாலும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தெரியும். குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய பன்னி சௌ சொட்டும் தூரத்தில் வைக்க வேண்டாம், காகிதத்தில் எழுதினால் இன்னும் எச்சரிக்கை தேவை. அடுத்த நீண்ட ஓய்வோடு மிச்ச எண்கள் காலாவதியாகிவிடும், ஆகவே பதுக்கி வைக்காமல் அன்றைக்கே இறக்கிவிடுங்கள். ஒரே விதிவிலக்காக, 20 விழுந்திருந்தால் அந்த ஓய்வு வரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி சாகக் கிடக்கும்போது அவர் போடும் டெத் சேவும் ஒரு சேவ்தான். அங்கே 20 வைத்தால் 1 உயிர்ப்புள்ளியோடு எழுந்துவிடுவார்.