பேச்சு நிகழ்ச்சிக்கு வார நிரல் அமைப்பது எப்படி? சமுதாய வானொலிக்குப் புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

சமுதாய வானொலியில் தினசரிப் பேச்சு நிகழ்ச்சியின் பொறுப்பை முதன்முதலாக ஏற்பவர்கள் "நாளைக்கு யாரைக் கூப்பிடுவது?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். அதை அன்றாடம் மாலையில் கேட்டுக்கொண்டிருக்கும் வரை நிகழ்ச்சி உருப்படாது. எந்த வாரத்தில் எதைப் பற்றிப் பேசுவது என்பது முதலில் முடிவானால், யார் பேசுவது என்பது பாதி முடிந்த வேலையாகிவிடும். பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை போன்ற ஒரு கடலோர நிலையத்தில், நாளுக்கு அரை மணி நேர நிகழ்ச்சிக்கு நிரல் போடுவதாக வைத்துக்கொண்டு, வேலையை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: எதைப் பேச அனுமதி உண்டு என்பதை அறிதல்

சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி 2004இல் தொடங்கியபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமம் கிடைத்தது. தொண்டு நிறுவனங்களுக்கும் 2006இல் அந்த வழி திறந்தது. இந்த உரிமத்துக்கான அரசு விதிகளின்படி சமுதாய வானொலி சொந்தமாகச் செய்திகளையும் அரசியல் நடப்புகளையும் ஒலிபரப்ப முடியாது. ஆனால் வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவுகள், கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, குடிநீர், மின்தடை, இயற்கைப் பேரிடர் பற்றிய அறிவிப்புகள் செய்தியாகக் கருதப்படுவதில்லை என்பதால், ஊருக்குத் தேவையான பெரும்பாலானவை உள்ளே வந்துவிடுகின்றன. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஆண்டு நாட்காட்டியிலிருந்து தலைப்புகளை எடுத்தல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, ஊரின் வாழ்க்கையை மாற்றும் தேதிகளை அதில் குறியுங்கள். தலைவர்களின் பிறந்தநாள்களையும் உலக நாள்களையும் கொண்டு தாளை நிரப்புவது எளிது. அவற்றை நம்பி நிரல் போட்டால் எல்லா ஊர் வானொலியும் ஒரே வானொலியாகிவிடும். கிழக்குக் கடற்கரையில் திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வலை பழுதுபார்த்தல், படகுப் பராமரிப்பு, தடைக்கால நிவாரணம், கூலித் தொழிலாளிகளின் வருமானம், கருவாட்டு விலை என இந்த ஒரு காலத்துக்குள்ளேயே பல வாரங்களுக்கான தலைப்புகள் கிடக்கின்றன.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்கள் எவற்றைக் குறிக்கின்றன என்பதைத் தனியாக ஒரு நாள் பேசலாம். ஒன்றாம் எண் தொலைவில் உருவான வானிலை மாற்றத்தைச் சொல்கிறது என்பதும், பதினொன்றாம் எண் வானிலை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டதைக் குறிக்கிறது என்பதும் கூண்டைத் தினமும் பார்ப்பவர்களுக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம். அதை மழைக்கு முன், செப்டம்பரிலேயே பேசிவிட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைக்கும் இதே கணக்குதான்: கூட்டம் நடக்கும் நாளில் கிராம சபையைப் பற்றிப் பேசுவதால் நேயருக்குப் பயன் குறைவு, ஒரு வாரம் முன்னதாகப் பேசினால் அவர் தம் கோரிக்கையை எழுதிக்கொண்டு போவார்.

மூன்றாம் படி: தலைப்பைக் கேள்வியாக்குதல்

"மீனவர் நலன்" என்பது தலைப்பே அல்ல. அதற்கு வரும் விருந்தினர் அரை மணி நேரமும் பொதுவாகப் பேசிவிட்டுப் போய்விடுவார். "தடைக்கால நிவாரணம் என் கணக்குக்கு வராவிட்டால் நான் எங்கே, எந்தத் தாளோடு போக வேண்டும்?" என்று நேயரின் வாயிலிருந்து வரும் வடிவில் கேள்வியை எழுதுங்கள். ஒரு நாளுக்கு ஒரு முதன்மைக் கேள்வி போதும். அதன்கீழ் நான்கைந்து துணைக் கேள்விகள் இருக்கட்டும்.

நான்காம் படி: விருந்தினரைத் தேர்தல்

கேள்வி தெளிவானபின், அதற்கு விடை சொல்லும் பொறுப்பில் இருப்பவர் ஒருவரையும், அந்தச் சிக்கலை அனுபவித்தவர் ஒருவரையும் தேடுங்கள். மீன்வளத் துறை அலுவலரோடு, நிவாரணத்துக்கு அலைந்து பெற்ற ஒரு பெண்ணையும் உட்கார வைத்தால் உரையாடல் தானாக நடக்கும். அலுவலருக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள், மேலதிகாரியின் அனுமதி தேவைப்படலாம். உள்ளூர்க்காரரை நேரில் போய்ப் பார்த்து அழைப்பதே முறை. அவர் கடலுக்குப் போகிறவரானால் கரை திரும்பும் நேரத்தைக் கேட்டு ஒலிப்பதிவை வையுங்கள். துணைக் கேள்விகளை இருவருக்கும் முன்கூட்டியே சொல்லலாம். ஆனால் விடைகளை எழுதி வைத்து வாசிக்க விடக்கூடாது.

ஐந்தாம் படி: மாற்று ஏற்பாடு

விருந்தினர் வராமற்போவது நிச்சயம் நடக்கும். காலத்துக்குக் கட்டுப்படாத இரண்டு நிகழ்ச்சிகளாவது பதிவாகிக் கையிருப்பில் இருக்கட்டும்: முதலுதவி, பழைய நெய்தல் நிலப் பாடல்களை அறிந்த ஒரு முதியவரின் பேச்சு போன்றவை.

ஆறாம் படி: முன்னறிவிப்பு எழுதுதல்

"நாளை சிறப்பு விருந்தினர் கலந்துகொண்டு உரையாற்றுகிறார்" என்பதைக் கேட்டு யாரும் வானொலியைத் திருப்புவதில்லை. கேள்வி முதலிலும், விருந்தினர் அடுத்தும், நேரம் கடைசியிலும் வரட்டும். எடுத்துக்காட்டாக: "தடைக்கால நிவாரணம் இன்னும் வரவில்லையா? எங்கே முறையிடுவது என்பதை மீன்வளத் துறை அலுவலர் நாளை விளக்குகிறார். உங்கள் கேள்வியை இன்று மாலைக்குள் நிலையத்துக்கு வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புங்கள். நாளை காலை 11 மணிக்குக் கேளுங்கள்." இதை முந்தைய நாள் மூன்று வேளையும் ஒலிபரப்புங்கள். விருந்தினரின் வருகை உறுதியாகும் வரை அவர் பெயரை அறிவிப்பில் சேர்க்க வேண்டாம். பதவியோ தொழிலோ போதும்.

ஏழாம் படி: பதிவைப் பாதுகாத்தல்

ஒலிபரப்பிய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மூன்று மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கோப்பின் பெயரில் தேதி, தலைப்பு, விருந்தினர் மூன்றையும் சேருங்கள். நேரம் போதாமல் விடை கிடைக்காத நேயர் கேள்விகளைத் தனிக் குறிப்பேட்டில் எழுதிவந்தால், அடுத்த வார நிரலின் முதல் இரண்டு நாட்கள் அதிலிருந்தே நிரம்பிவிடும்.