கப்பலைச் சுற்றித் தண்ணீர்த் திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் நீரிணையில் இரவில் வரும் திருடர்கள் பெரும்பாலும் சிறு படகில் கப்பலின் பின்பக்கம் ஒட்டி வந்து ஏறுவார்கள். அந்த நீரிணையின் குறுகிய பகுதியான பிலிப் கால்வாயில் வேகம் குறைத்துப் போகும், சுமையால் தாழ்ந்திருக்கும் கப்பல்தான் அவர்களுக்கு வசதி. அதற்காகத்தான் பூப் டெக் (கப்பலின் பின்பக்க மேல்தளம்) ஓரத்தில் ஃபயர் ஹோஸ்களை, அதாவது தீயணைப்புக் குழாய்களை, கட்டித் தண்ணீர்த் திரை போடுகிறார்கள். நல்ல தடுப்புதான், கெட்டுப்போவது பெரும்பாலும் கணக்கில்.

ஹோஸின் முனையில் மாட்டும் 19 மி.மீ. நாசில் ஒன்றுக்கு 5.5 பார் (80 பிஎஸ்ஐ) அழுத்தத்தில் மணிக்கு ஏறக்குறைய 32 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். ஆறு கட்டினால் 192. சரக்குக் கப்பலின் ஃபயர் பம்புகள் எல்லாம் சேர்ந்தே மணிக்கு 180 கன மீட்டருக்கு மேல் தர வேண்டும் என்று சோலாஸ் (கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி கேட்பதில்லை. ஆறையும் திறந்தால் அழுத்தம் சரிந்து, தண்ணீர் கப்பல் ஓரமாக வழிந்து இறங்கும்; ஏறுகிறவன் நனைவான், அவ்வளவுதான். 12 மி.மீ. நாசிலுக்கு 13 கன மீட்டர் போதும். அதைப் போடுங்கள், அல்லது எண்ணிக்கையைக் குறையுங்கள். அழுத்தத்தை நாசில் அருகே பாருங்கள். பம்ப் கேஜ் இருப்பது எஞ்சின் அறையில். 20 மீட்டர் உயரம் ஏறுவதற்குள் 2 பார் போய்விடும்.

ஹோஸை ஆள் பிடித்து நிற்பது பெரிய தவறு. கத்தியோடு வருபவன் முன்னால் அவரை நிறுத்துகிறோம். கைப்பிடிக் கம்பியில் கட்டுங்கள். அதுவும் ஒரே இடத்தில் அல்ல. அந்த 19 மி.மீ. நாசில் ஏறக்குறைய 32 கிலோ விசையோடு பின்னுக்குத் தள்ளும். ஒற்றைக் கட்டு நெகிழ்ந்தால் நாசில் திரும்பி, டெக்கில் நிற்பவரையே அடிக்கும். இரண்டு இடத்தில் இறுக்குங்கள். ஹோஸ் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ஹோஸ் துண்டைச் சுற்றுங்கள்.

நேர்த்தாரை ஒரு புள்ளியைத்தான் அடிக்கும். நாசிலுக்குச் சற்று முன்னால் தட்டையான தகடு ஒன்றைப் பொருத்தினால் தண்ணீர் விசிறிபோல் விரியும். காற்று எதிர்த்து அடித்தால் அந்தச் சாரல் டெக்குக்கே திரும்பும். சுக்கானைத் திருப்பும் இயந்திரம் உள்ள ஸ்டீயரிங் கியர் அறைக் கதவும் காற்றுத் துளைகளும் மூடியிருக்கின்றனவா, கயிறு இழுக்கும் வின்ச்சின் மின்பெட்டிகள் இறுகியிருக்கின்றனவா என்று முன்பே பாருங்கள். டெக்கில் எண்ணெய் சிந்தியிருந்தால் முதலில் துடையுங்கள். இல்லையென்றால் அது தண்ணீரோடு சேர்ந்து கடலில் இறங்கும். சிங்கப்பூர்க் கடலில் அது குற்றம்.

படகைக் கண்ட பிறகு பம்பைப் போடலாம் என்று காத்திருக்காதீர்கள். நீரிணைக்குள் நுழையும்போதே தண்ணீர் ஓடட்டும். ஆனால் எல்லா நாசிலையும் மூடிவைத்துப் பம்பை ஓட்டினால் அது சூடேறிப் பழுதாகும், ஒன்றாவது திறந்திருக்கட்டும். தீக்கென்று வைத்த நுரையை இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

தண்ணீர் இரைச்சலில் படகு எஞ்சின் சத்தம் கேட்காது, பின்பக்கக் கேமராவிலும் சாரல் படியும். ஆகவே திரை ஓடும்போது கப்பலை இயக்கும் இடமான பிரிட்ஜின் இரு புறமும் கூடுதல் கண்காணிப்பாளர் வேண்டும்.