கையைப் பிடித்து இழுக்காதீர்கள்: பல்வகைக் குறைபாடுள்ள மாணவர்களிடம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரும் சிறப்பாசிரியர்கள் முதல் மாதத்தில் செய்யும் தவறுகள் எல்லாம் நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதான். காது கேட்காத குழந்தையிடம் கத்திப் பேசுவது, குழந்தையை எதிரே வைத்துக்கொண்டு அதைப் பற்றி அம்மாவிடம் பேசுவது போன்றவை ஓரிரு வாரத்தில் தாமாகவே சரியாகிவிடும். யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் வருடக்கணக்கில் தொடரும் தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

மேலிருந்து கையைப் பிடிப்பது

பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஒரு சிறுமிக்கு மணி கோக்கக் கற்றுத்தர வேண்டும். ஆசிரியர் அவள் மணிக்கட்டைப் பற்றி, விரல்களைத் தன் கைக்குள் அடக்கி, மணியின் மேல் வைத்து அழுத்துகிறார். அவள் உதறுகிறாள். இவர் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். சில மாதம் போனால், யார் நெருங்கினாலும் அவள் இரு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொள்கிறாள். கோப்பில் 'தொடுதல் பிடிக்காது' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் இன்றும் கோபம் வருகிறது. கையைப் பறிகொடுத்துப் பறிகொடுத்துச் சலித்துப்போன குழந்தை அவள்.

இப்படிப் பார்வை, கேட்டல் இரண்டும் இல்லாத, இருபுலன் குறைபாடுள்ள குழந்தைக்குக் கைதான் கண்ணும் காதும். பல நேரம் வாயும் அதுதான். அதை அடக்கிப் பிடிப்பது பேசுகிறவர் வாயைப் பொத்துவதற்குச் சமம். இன்னொரு கேடும் உண்டு. பிறர் நகர்த்தித்தான் கை நகரும் என்று பழகிய குழந்தை, தானாக எதையும் தொடங்காது. பிடித்தால் கரண்டி வாய்க்குப் போகும், விட்டால் கை மடியில் விழும்.

இதற்கு மாற்று 'கையின் கீழ் கை' முறை. இருவர் கைகளும் ஒரே திசையில் அசையும்படி பக்கத்திலோ பின்னாலோ உட்காருங்கள். தோளைத் தொட்டு, வந்திருப்பதை உணர்த்துங்கள். தொட்ட கையை எடுக்காமல் முழங்கை வழியாகப் புறங்கைவரை மெதுவாக இறங்கி, உங்கள் கையை அவள் கைக்கு அடியில் வைத்துக் காத்திருங்கள். அவள் விரல்கள் உங்கள் விரல்மேல் படிந்ததும் வேலையை நீங்கள் செய்யுங்கள்: மணியை எடுங்கள், துளையைத் தேடுங்கள், கயிற்றைச் செருகுங்கள். ஒவ்வொரு அசைவும் அவளுக்குத் தெரியும். பிறகு உங்கள் விரல்களை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் அவள் விரல்நுனி தானே மணியில் படும். அவள் கையை எடுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். உங்கள் கை மணியோடு அங்கேயே இருக்கட்டும். அவள் திரும்பி வர ஒரு நிமிடம் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். சூடான பாத்திரத்தை நோக்கிப் போகும் கையைத் தடுப்பது வேறு விஷயம். அதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

பத்து எண்ணாமல் மறுபடி கேட்பது

மூளை முடக்குவாதம் உள்ள மாணவருக்குக் கேள்வி புரிந்து, பதில் தோன்றி, தசை அசைய நேரம் வேண்டும். மூன்றாம் நொடியில் மறுபடி கேட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். சிலருக்கு முப்பது.

பொம்மையை அடையாளமாகக் கொடுப்பது

'பேருந்தில் போகப்போகிறோம்' என்பதைப் பார்க்கவும் கேட்கவும் முடியாத மாணவருக்கு உணர்த்தப் பிளாஸ்டிக் பேருந்தைக் கையில் கொடுக்கிறார்கள். பேருந்தைப் பார்த்தே இராதவருக்கு அது சக்கரம் வைத்த வழவழப்பான கட்டி. அவர் உட்காரும் இருக்கைப் பட்டையின் கொக்கியைப் போல ஒன்றைக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு, அவர் சாப்பிடும் அதே கரண்டி. அந்தந்த வேலைக்குச் சற்று முன்னால், ஒவ்வொரு முறையும்.

ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கைவிடவும் வேண்டாம். பார்வையும் கேட்கும் திறனும் இழந்த சிறுமி ஹெலன் கெல்லரிடம் ஆசிரியை ஆன் சல்லிவன் வந்து சேர்ந்தது 1887 மார்ச் 3. உள்ளங்கையில் விரலால் எழுத்துக்கூட்டிய சொற்களுக்குப் பொருள் உண்டு என்று ஹெலனுக்குப் பிடிபட்டது ஏப்ரல் 5, தண்ணீர்க் குழாயடியில். அவரோ 19 மாதம்வரை பார்த்தும் கேட்டும் வளர்ந்தவர். பிறவியிலேயே இரண்டும் இல்லாத குழந்தைக்குப் பல மாதங்கள் ஆவது இயல்பு.

'கண் நார்மல்' என்ற அறிக்கையை நம்புவது

கண் நன்றாக இருந்தும், பார்ப்பதை மூளை பிரித்தறியாத குழந்தைகள் உண்டு. பூப்போட்ட விரிப்பில் ஐந்து பொருள்களைப் பரப்பினால் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. கறுப்புத் துணிமேல் பளிச்சென்ற ஒரே நிறத்தில் ஒரே ஒரு பொருளை வைத்து, லேசாக ஆட்டுங்கள். குழந்தை பார்க்கத் தொடங்கியதும் பேச்சை நிறுத்துங்கள். பார்ப்பதும் கேட்பதும் ஒருசேரப் பலருக்கு வராது. ஜன்னல் குழந்தையின் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

தொங்கும் கால்

பாதம் ஊன்றாவிட்டால் கை வேலை செய்யாது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறத்தாழ 90 பாகையில் மடங்கும்படி பாதத்துக்கு அடியில் பலகை வையுங்கள்.

அண்ணாந்த நிலையில் ஊட்டுவது

கூடவே கூடாது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும்.

காது கருவி விசிலடித்தால் ஒலியைக் குறைப்பது

பெரும்பாலும் காதில் பொருத்தும் அச்சு தளர்ந்திருக்கும். காது வளர்கிறது, அச்சு வளர்வதில்லை. சரியாகப் பொருத்திப் பாருங்கள். அப்படியும் விசில் நிற்காவிட்டால் புது அச்சு எடுக்க அனுப்புங்கள்.

சொல்லாமல் எழுந்து போவது

பார்க்கவும் கேட்கவும் முடியாத குழந்தைக்கு, நீங்கள் எழுந்து போவது ஆள் திடீரென்று மறைந்துபோவதுதான். எப்போதும் அணியும் ஒரு மோதிரமோ வளையலோ உங்கள் பெயராக இருக்கட்டும். வந்ததும் அதைத் தொட்டுப் பார்க்க நீட்டுங்கள், கிளம்பும்போதும் நீட்டுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வந்தால், அன்று அந்தக் குழந்தைக்கு நீங்கள் வேறு ஆள்.