இங்கிலாந்தில் வீட்டு இணையம்: பேக்கேஜில் கையெழுத்துப் போடுமுன்

இங்கிலாந்தில் வீடு கிடைத்த கையோடு டிவி, பிராட்பேண்ட், போன் மூன்றையும் சேர்த்த பேக்கேஜ் ஒன்றை யாராவது உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஷாப்பிங் சென்டரில் மேசை போட்டு நிற்பவராக இருக்கலாம், கதவைத் தட்டும் விற்பனையாளராகவும் இருக்கலாம். புதிதாக வந்த பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. பிராட்பேண்டை மட்டும் எடுங்கள். மற்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டால் செலவும் குறையும், தலைவலியும் குறையும்.

எந்தக் கம்பெனி நல்லது என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பெரிய பயன் இல்லை. லண்டனில் ஹாரோ பக்கம் ஒருவருக்குப் பறக்கும் இணைப்பு, அதே லண்டனின் ஈஸ்ட் ஹாமில் உங்கள் தெருவுக்கு வந்தே இருக்காது. பிடி (BT), ஸ்கை, டாக்டாக், பிளஸ்நெட் என்று பெயரும் பில்லும் வேறு வேறு. ஆனால் பெரும்பாலும் வீட்டுக்கு வருவது ஓப்பன்ரீச் என்ற கம்பி நிறுவனத்தின் அதே லைன்தான். விர்ஜின் மீடியாவுக்குத் தனி கேபிள் உண்டு. லண்டனில் கம்யூனிட்டி ஃபைபர், அடுக்குமாடிக் கட்டடங்களில் ஹைப்பர்ஆப்டிக் போன்றவையும் சொந்தமாகக் கம்பி இழுத்திருக்கின்றன. ஆகவே முதலில் ஆன்லைனில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டு, அந்த முகவரிக்கு என்னென்ன வருகிறது என்று பாருங்கள்.

வீடு பார்க்கப் போகும்போதே சுவர் ஓரத்தைக் கவனிப்பது நல்ல பழக்கம். கதவுக்கருகிலோ ஹாலிலோ, விளக்கு எரியும் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தால் ஃபுல் ஃபைபர், அதாவது வீடுவரை கண்ணாடி இழைக் கம்பி, ஏற்கெனவே வந்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். பழைய போன் சாக்கெட் மட்டும் இருந்தால் விசாரிக்க வேண்டும். விளம்பரத்தில் ‘ஃபைபர்’ என்று போட்டிருந்தாலும் சில இணைப்புகளில் ஃபைபர் தெருமுனைப் பச்சைப் பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து வீடுவரை பழைய செம்புக் கம்பிதான். அதில் வேகம் அதிகபட்சம் 80 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) பக்கம் வரும், பெட்டியிலிருந்து தள்ளி இருந்தால் இன்னும் குறையும். புதிதாக ஃபைபர் இழுக்கச் சுவரில் துளை போடவேண்டி வந்தால், வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. 4கே படம் ஒன்று ஓட நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். நாலு பேர் வீட்டுக்கு 100, 150 தாராளம். 900 என்று ஆசை காட்டுவார்கள். சரி என்று தலையாட்டிவிடாதீர்கள்.

பணம் போகும் இடம் ஒப்பந்தக் காலம். வாடகை வீட்டை எப்போது மாற்ற நேரும் என்று சொல்ல முடியாது. பிராட்பேண்ட் ஒப்பந்தமோ பெரும்பாலும் 24 மாதம். நடுவில் வேறு வீட்டுக்கு மாறி, அங்கே அந்தக் கம்பெனியின் லைன் இல்லையென்றால், மீதி மாதங்களுக்கான கட்டணத்தில் பெரும்பகுதியைக் கேட்கலாம். அப்புறம் ஆண்டு விலையேற்றம். 2025 ஜனவரி 17 முதல் எடுக்கும் ஒப்பந்தங்களில், இடையில் எவ்வளவு ஏறும் என்பதைப் பவுண்டு, பென்ஸ் கணக்கில் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விதித்திருக்கிறது. சொல்வார்கள், பொடி எழுத்தில். மாதம் 30 பவுண்டு என்று அக்டோபரில் சேருகிறீர்கள், ஒவ்வொரு ஏப்ரலிலும் 4 பவுண்டு ஏறுகிறது என்று வையுங்கள். முதல் ஆறு மாதம் 30, அடுத்த பன்னிரண்டு மாதம் 34, கடைசி ஆறு மாதம் 38. மொத்தம் 816 பவுண்டு. போஸ்டர் கணக்கில் அது 720.

வந்த புதிதில் கிரெடிட் ஹிஸ்டரி (கடன், பில்களை ஒழுங்காகக் கட்டிய பதிவு) இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், முன்பணம் கேட்கப்படலாம். மனம் தளரவேண்டாம். மாதாமாதம் நிறுத்தக்கூடிய 30 நாள் திட்டங்கள் உண்டு. சிக்னல் நன்றாக உள்ள இடத்தில், மின்சாரத்தில் செருகினால் ஓடும் 5ஜி ரூட்டரும் போதும். எங்கே தங்கப்போகிறோம் என்றே தெரியாத முதல் சில மாதங்களுக்கு இதுதான் சௌகரியம், கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும். போனிலோ ஆன்லைனிலோ ஒப்பந்தம் போட்டு மனம் மாறினால், 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையும் உண்டு.

டிவி பேக்கேஜ் எடுக்காவிட்டாலும் டிவி லைசென்ஸ் விஷயம் விடாது. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. எந்தச் சேனலையும் நேரலையாகப் பார்த்தால், அல்லது பிபிசி ஐபிளேயர் பயன்படுத்தினால், அது வேண்டும். போனிலோ லேப்டாப்பிலோ பார்த்தாலும் அப்படியே. தமிழ்ச் சேனலை ஆப்பில் நேரலையாகப் பார்ப்பதும் இதில் சேரும். நம்மவர்கள் பலர் இதை நம்புவதில்லை. ஆனால் ஊரில் இரவு ஒன்பது மணிக்கு ஓடும் சீரியல் இங்கே மாலை மூன்றரைக்கோ நாலரைக்கோ வரும், நாம் வேலையில் இருப்போம். பிறகு ஆப்பில் எபிசோடாகப் பார்ப்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ் படங்களுக்கும் தேவையில்லை. நேரலையோ ஐபிளேயரோ எதுவும் பார்ப்பதில்லை என்றால், லைசென்ஸ் தேவையில்லை என்று லைசென்ஸ் அலுவலகத்திடம் தெரிவித்துவிடலாம். ஏமாற்றிப் பிடிபட்டால் அபராதம் 1,000 பவுண்டு வரை. அறை அறையாகத் தனி ஒப்பந்தம் போட்ட வீட்டில் ஒருவர் லைசென்ஸ் மற்றவருக்குப் பொதுவாகச் செல்லாது. கடைகளில் ‘எல்லாச் சேனலும் வரும்’ என்று விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் திருட்டு இணைப்புதான். ஒருநாள் திடீரென்று நின்றால் கேட்க ஆள் இருக்காது.

லேண்ட்லைன் பெரும்பாலோருக்கு வேண்டாம். அதில் ஊருக்குப் பேசினால் நிமிடக் கணக்கு பில்லைத் தூக்கிவிடும். லெபரா, லைக்கா என்ற மொபைல் கம்பெனிகள் இரண்டும் இலங்கைத் தமிழர்கள் தொடங்கியவை. இவற்றின் சிம் திட்டங்களில் வெளிநாட்டு நிமிடங்கள் கிடைக்கும். இலங்கைக்குப் பேசுபவர்கள் அந்த நாடும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வயதான பெற்றோர் கூட இருந்து, மேசை போன்தான் வேண்டுமென்றால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய செம்புப் போன் சேவை 2027 ஜனவரிக்குள் மூடப்படுகிறது. இப்போது போனை ரூட்டரில்தான் செருகவேண்டும். மின்சாரம் போனால் போனும் போகும். மொபைல் சிக்னலும் சரியில்லாத வீடானால் கம்பெனியிடம் பேட்டரி கேளுங்கள்.

ஒப்பந்தம் முடிய 10 முதல் 40 நாளுக்கு முன் கம்பெனியிடமிருந்து அறிவிப்பு வரும். அதைப் பார்த்ததும் வேறு விலைகளை ஒப்பிடுங்கள். சும்மா இருந்தால் கட்டணம் ஏறிவிடும். 2024 செப்டம்பரிலிருந்து மாறுவது சுலபம். புதிய கம்பெனியிடம் சொன்னால் போதும், பழையதை அவர்களே நிறுத்துவார்கள். பழைய ரூட்டரைத் திருப்பிக் கேட்டால் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்று சொல்லி அதற்கும் பில் போட வாய்ப்புண்டு.