மாண்டலினில் 9, 11, 13 கார்டுகளின் ஆர்பெஜியோ: ஒரே வடிவத்திலிருந்து தொடங்கும் முறை

ஒரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்பின்) ஸ்வரங்களை ஒரே வீச்சில் மீட்டாமல், ஒவ்வொன்றாக வரிசையாக வாசிப்பதே ஆர்பெஜியோ. மூலஸ்வரம், ஸ்கேலில் அதிலிருந்து எண்ணினால் வரும் 3, 5, 7-ஆவது ஸ்வரங்கள் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், அடுத்த ஸ்தாயியிலுள்ள 9, 11, 13 ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் அது நீட்டித்த கார்டாகிறது. பெயரைக் கேட்டதும் பலர் தயங்குகிறார்கள். ஆனால் இந்த ஆர்பெஜியோக்களைப் பொறுத்தவரை கிட்டாரைவிட மாண்டலினே எளிது என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் அதன் சுருதி அமைப்பு. ஜி, டி, ஏ, ஈ என்னும் நான்கு இரட்டைத் தந்திகளில் ஒவ்வொன்றும் முந்தையதற்கு ஐந்தாவது ஸ்வரமாக இருப்பதால், ஜி தந்தியில் எந்த ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகளால் பிரித்த இடத்தில்) மூலஸ்வரம் இருக்கிறதோ, அதே ஃபிரெட்டில் டி தந்தியில் 5-உம், ஏ தந்தியில் 9-உம், ஈ தந்தியில் 13-உம் தாமாகவே அமைந்துவிடுகின்றன. நாம் தேட வேண்டியவை 3, 7, 11 மட்டுமே; அவையும் அந்தந்தத் தந்தியிலேயே மூன்று அல்லது நான்கு ஃபிரெட் தள்ளிக் கிடைக்கும். தந்திகளை வேறு விதமாகச் சுருதி சேர்த்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

படி 1. ஜி தந்தியின் 5-ஆம் ஃபிரெட்டில் சுட்டுவிரலை வையுங்கள்; அது சி. அதே தந்தியின் 9-ஆம் ஃபிரெட்டை மோதிரவிரலால் அழுத்தினால் ஈ வரும். கை சிறியதாக இருந்தால் சுண்டுவிரலைப் பயன்படுத்தலாம். டி, ஏ தந்திகளிலும் இதே 5, 9 வாசித்து, ஈ தந்தியில் மட்டும் 5, 8 வாசியுங்கள். சி, ஈ, ஜி, பி, டி, எஃப் ஷார்ப், ஏ, மேல் சி என எட்டு ஸ்வரங்கள் கிடைக்கும். இதுவே 11-ஐ அரைஸ்வரம் உயர்த்திய சி மேஜர் 13. மோதிரவிரல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிரல் அடுத்த தந்திக்குப் போய்விட வேண்டும். 9-ஆம் ஃபிரெட்டில் விரல் சற்றுச் சாய்ந்தாலும் இரட்டைத் தந்திகளில் ஒன்று மட்டும் அழுந்தி மற்றது கரகரக்கும். ஆகவே ஃபிரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால், விரல்நுனியால் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

படி 2. பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகட்டை) கீழ், மேல் என்று மாறி மாறி இயக்குங்கள். தந்திக்கு இரண்டு ஸ்வரங்கள் என்பதால், ஒவ்வொரு புதிய தந்தியும் கீழ்வீச்சிலேயே தொடங்கும். இறங்கும்போது உச்சியிலுள்ள சி-யை இன்னொரு முறை வாசித்தால் இந்த ஒழுங்கு குலையாது. வாசிக்காவிட்டால் கீழ்வீச்சு முடிந்த கையோடு தந்தி மாற வேண்டியிருக்கும். தொடக்கத்தில் அது சிரமம். மெட்ரோனோமை (சீராகத் தட்டு ஒலிக்கும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, தட்டுக்கு ஒரு ஸ்வரமாகத் தொடங்குங்கள். தடங்கல் இல்லாமல் வந்த பிறகு தட்டுக்கு இரண்டாக்கினால், ஏற்றம் முழுவதும் நான்கு தட்டுகளில் அடங்கிவிடும்.

படி 3. இனி வகைகளை மாற்றுங்கள். டி தந்தியில் மட்டும் 9-ஆம் ஃபிரெட்டுக்குப் பதில் 8-ஐ வாசித்தால், ஏழாவது ஸ்வரம் ஓர் அரைஸ்வரம் இறங்கி டாமினன்ட் வகை கிடைக்கும். எல்லாத் தந்திகளிலும் 5, 8 என்றே வாசித்தால் சி மைனர் 13. மேஜர், டாமினன்ட் வகைகளில் ஏ தந்தியின் 8-ஆம் ஃபிரெட்டிலுள்ள இயல்பான 11 மூன்றாவது ஸ்வரத்தோடு உரசும். எனவே அதை விட்டுவிடுவதோ 9-ஆம் ஃபிரெட்டுக்கு உயர்த்துவதோ வழக்கம். மைனரில் இந்தச் சிக்கல் இல்லை.

படி 4. தனி ஆர்பெஜியோவையே நெடுநேரம் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதைவிட, கார்டு மாற்றத்தோடு பழகுவதே பயன் தரும். டி மைனர் 9-ஐ ஜி தந்தியில் 7, 10, டி தந்தியில் 7, 10, ஏ தந்தியில் 7 என ஏறுங்கள். அடுத்து ஜி 9-ஐ மேலிருந்து இறங்குங்கள்: ஈ தந்தியில் 5, ஏ தந்தியில் 8, 5, டி தந்தியில் 9, 5. அங்கிருந்து ஜி தந்தியின் 5-க்கு வந்து, சி மேஜர் 9-ஐ 5, 9, 5, 9, 5 என ஏ தந்தி வரை ஏறுங்கள். கை இரண்டு ஃபிரெட்டுக்கு மேல் நகரவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வரிசை முழுவதையும் இரண்டு ஃபிரெட் தள்ளி வாசித்தால் ஈ மைனர் 9, ஏ 9, டி மேஜர் 9 என்று டி ஸ்கேலுக்கு மாறிவிடும்.