கார்பைடு முளையின் எடை கூடினால்

பின்-ஆன்-டிஸ்க் என்பது சுழலும் வட்டின்மேல் முளையை அழுத்தி உரசவிட்டு, உராய்வையும் தேய்மானத்தையும் அளக்கும் சோதனை. அதில் டங்ஸ்டன் கார்பைடு முளையை இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவை வட்டின்மேல் முதன்முதலாக ஓட்டி முடித்து நிறுத்துப் பார்த்தபோது, முளை 0.4 மில்லிகிராம் கூடியிருந்தது. தராசைத்தான் சந்தேகப்பட்டேன். தராசில் குறையில்லை. வட்டிலிருந்து பிய்ந்த நிக்கல் கலவை முளையின் நுனியில் அப்பியிருந்தது. பின்-ஆன்-டிஸ்க் சோதனைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: இந்த ஜோடியில் எடையை மட்டும் நம்பாதீர்கள்.

முளையையும் மெருகிட்ட வட்டையும் அல்ட்ராசோனிக் தொட்டியில் அசிட்டோன் ஊற்றிப் பத்து நிமிடம் கழுவி உலர்த்துங்கள். பிறகு வெறும் கையால் தொடவே கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை தொடக்க உராய்வைக் குறைத்துக் காட்டிவிடும்.

நான் வைக்கும் அளவுகள்: சுமை 10 நியூட்டன், தடத்தின் விட்டம் 40 மி.மீ., வேகம் நொடிக்கு 0.1 மீட்டர். 1,000 மீட்டர் ஓட ஏறத்தாழ 7,960 சுற்றுகள், இரண்டே முக்கால் மணி நேரம். அருகிலேயே இருந்து உராய்வு வரைகோட்டைப் பாருங்கள். அது ரம்பப் பல்போல ஏறி இறங்கினால், பரப்புகள் ஒட்டி ஒட்டிப் பிய்கின்றன என்று ஐயப்படலாம். சராசரியை மட்டும் எழுதி அந்தப் பற்களை மறைத்துவிடாதீர்கள்.

ஓட்டம் முடிந்ததும் துடைக்க வேண்டாம். முதலில் நுண்ணோக்கியில் பாருங்கள். நுனியில் ஒட்டியதை அமிலத்தில் கரைக்கவும் நினைக்காதீர்கள். கார்பைடு மணிகளைக் கட்டிவைத்திருக்கும் கோபால்ட்டும் கூடவே கரையும். தடத்தின் குறுக்குவெட்டை, பரப்பின் மேடுபள்ளத்தை வரைந்து காட்டும் புரொபைலோமீட்டரால் நான்கு இடங்களில் அளந்து, தேய்ந்துபோன கனஅளவைக் கணக்கிடுங்கள். ஒரு மில்லிகிராம் இன்கோனல் என்பது 0.12 கன மி.மீ.; 6% கோபால்ட் கொண்ட கார்பைடிலோ 0.067தான். ஆகவே கனஅளவில் ஒப்பிடுவதே நியாயம். அதைச் சுமையாலும் தூரத்தாலும் வகுத்தால் தேய்மான வீதம் கிடைக்கும்.

சூடேற்றி ஓட்டுவதானால், காற்றில் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது டங்ஸ்டன் கார்பைடை விட்டுவிடுங்கள். அது தானாகவே ஆக்சிஜனேற்றம் அடையும். உராய்வால் போனது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. அங்கே நிக்கல்-குரோமியத்தில் குரோமியம் கார்பைடு பதித்த கூட்டுப்பொருள் தாங்கும். அந்தச் சூட்டில் ஆக்சைடுத் துகள்கள் அமுங்கி வழவழப்பான படலமாகி, உராய்வு சட்டென்று இறங்கக்கூடும். இறங்கிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த முளையை அதே தூரத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.